வீட்டுப் பட்டறைக்கு எந்த ராக் சரி?

வீட்டில் ஒரு அறையையோ, வண்டி நிறுத்தும் இடத்தில் பாதியையோ பட்டறையாக்கியவர்கள் எல்லாரும் ஒரு கட்டத்தில் ராக் வாங்கக் கிளம்புவார்கள். கடையில் முதலில் கண்ணில் படுவது அட்டைப்பெட்டி மேல் பெரிதாக அச்சடித்த எடைதான்: தட்டுக்கு 150 கிலோ, 200 கிலோ, 300 கிலோ. பெரிய எண் போட்டதை எடுத்தால் போதும் என்று தோன்றும். அந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எண் பொய்யில்லை. ஆனால் அது எந்த நிலையில் உண்மையோ, அந்த நிலை பட்டறையில் அநேகமாக அமைவதில்லை.

ஒப்பிட வேண்டியவை நான்கு: போல்ட் போட்டு முடுக்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் ராக், போல்ட் இல்லாமல் தட்டிப் பொருத்தும் ராக், பிளைவுட்டும் மரச்சட்டமும் வைத்து நாமே செய்வது, சுவரில் மாட்டும் தட்டு. கம்பி ராக்கையும் பிளாஸ்டிக் ராக்கையும் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த 200 கிலோ என்ன சொல்கிறது?

தட்டுக்கு 200 கிலோ என்றால், எடை தட்டு முழுக்கச் சமமாகப் பரவியிருக்க வேண்டும், ராக் மட்டமான தரையில் நேராக நிற்க வேண்டும், எல்லாத் தட்டுகளும் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் மாட்டியிருக்க வேண்டும். ஒரே அளவுப் பெட்டிகளை வரிசையாக அடுக்கும் கிடங்கில் இது சாத்தியம். பட்டறையில் ஒரு தட்டின் நடுவில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ் இருக்கும், ஓரத்தில் காலி டப்பாக்கள் இருக்கும். எடை ஒரே இடத்தில் குவியும்.

இரண்டு முனையிலும் தாங்கிய சட்டத்தின் மேல் ஒரு எடையைப் பரப்பி வைப்பதைவிட, அதே எடையை நடுவில் குவித்து வைத்தால் சட்டத்தை வளைக்கும் விசை இரண்டு மடங்கு. இது கணக்கிலேயே வருகிற உண்மை, எந்த நிறுவனத்தின் ராக்காக இருந்தாலும் மாறாது. அப்புறம், கனமான பொருளை இழுத்து எடுக்க வசதியாக முன் விளிம்பை ஒட்டியே வைப்போம். அப்போது பின் சட்டம் சும்மா இருக்க, முன் சட்டமே பெரும்பகுதியைச் சுமக்கும். அதனால் அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணில் பாதியை நம் எண்ணாக எடுத்துக்கொள்வது நல்லது. 200 என்று போட்டிருந்தால் 100 கிலோவுக்கு மேல் அந்தத் தட்டில் ஏற்றாதீர்கள்.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காமல் விடுவது. உயரமான பொருள் ஒன்றை வைக்க இடம் வேண்டும் என்று நடுத் தட்டைக் கழற்றிவிடுவார்கள். தட்டு என்பது சாமான் வைக்கும் இடம் மட்டும் இல்லை, கால்களை நடுவில் பிடித்து நிறுத்துவதும் அதுதான். மெல்லிய கால் ஒன்று மேலிருந்து வரும் எடையில் பக்கவாட்டில் வளைந்து ஒடியும் எல்லை, பிடிமானம் இல்லாத நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இடைவெளி இரண்டு மடங்கானால் அந்த எல்லை நான்கில் ஒன்றாகக் குறைகிறது. நடுத் தட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், அந்த உயரத்தில் குறுக்குச் சட்டங்களையாவது விட்டுவையுங்கள்.

சரி, நம் சாமான் உண்மையில் எவ்வளவு எடை? வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் பொருளைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் வெறுங்கையோடு ஒருமுறையும் ஏறி நின்று பாருங்கள். ஒரு மாலையில் முடிகிற வேலை. 8 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒரு ஷீட் 30 கிலோவைத் தாண்டும். கார் பேட்டரி 12 முதல் 20 கிலோ. நான்கு லிட்டர் பெயிண்ட் டப்பா ஐந்து, ஆறு கிலோ. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ; அதே கன அளவு இரும்பு ஏறத்தாழ 7.8 கிலோ. நட்டு, போல்ட், ஆணி போட்ட சின்ன டப்பாக்கள் வரிசையாக அடுக்கிய தட்டுதான் பட்டறையிலேயே கனமான தட்டாக இருக்கும். பார்வைக்கு அப்படித் தெரியாது.

ஸ்லாட்டட் ஆங்கிள்: சலிப்பான வேலை, நீண்ட உழைப்பு

'எல்' வடிவ இரும்புக் கால், அதில் வரிசையாகத் துளைகள், மடித்த விளிம்புள்ள தகட்டுத் தட்டு, மூலைக்கு மூலை போல்ட். பழைய அலுவலகங்களிலும் கடைகளின் பின்னறைகளிலும் பார்த்திருப்போம். அழகு கிடையாது. ஐந்து தட்டுள்ள ராக்கைக் கோக்க மூலைத் தகடுகளுக்கும் சேர்த்து நிறைய போல்ட் முடுக்க வேண்டும். அரை நாள் போய்விடும். ஆனால் வீட்டுப் பட்டறைக்கு ஒரே ஒரு ராக் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

முதல் காரணம், எந்தப் பாகம் கெட்டாலும் அதை மட்டும் மாற்றலாம். தட்டு வளைந்தால் தட்டு, கால் துருப்பிடித்தால் கால். இரண்டாவது, ஆங்கிளை வேண்டிய நீளத்துக்கு அறுத்துக்கொள்ளலாம். மாடிப்படிக்குக் கீழே சாய்வான இடம், ஜன்னலுக்குக் கீழே உள்ள குட்டையான இடம், தூணை ஒட்டிய மூலை என்று வீட்டில் கிடைக்கும் இடமெல்லாம் ஒழுங்கில்லாததாகத்தான் இருக்கும். பெட்டியில் வரும் ராக் அங்கே பொருந்தாது, இது பொருந்தும். மூன்றாவது, போல்ட் முடுக்கிய மூலை ஆடாது. ஸ்பேனரை வைத்துத் திருகும்போதும் சுத்தியலால் தட்டும்போதும் ராக் அருகில் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும் இடம் பட்டறை. அங்கே இந்த விறைப்புக்குப் பெரிய மதிப்பு உண்டு.

வாங்கும்போது கேட்க வேண்டியது தகட்டின் தடிமன். தடிமனைக் குறிக்கும் கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும் என்பதை நினைவில் வையுங்கள்: 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் சுமார் 0.9 மி.மீ., 22 கேஜ் சுமார் 0.7 மி.மீ. பேப்பர் ஃபைல் வைக்க 22 போதும். பட்டறைக்குத் தட்டு 20 கேஜைவிட மெல்லியதாக இருக்கக் கூடாது, கீழ் இரண்டு தட்டுகளாவது 18 ஆக இருந்தால் நல்லது. கடைக்காரர் சொல்வதைக் கேட்டுவிட்டு வெர்னியர் வைத்தும் ஒருமுறை அளந்து பாருங்கள். பெயிண்ட் பூச்சும் அதில் கொஞ்சம் சேரும். தட்டின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினால் நீளவாக்கில் ஒரு தாங்குசட்டம் பற்றவைத்திருக்கிறதா என்பது தெரியும். அது இல்லாத மூன்றடித் தட்டு கனத்தில் குழிந்துபோகும்.

இதன் குறை, தகடு புள்ளி எடைக்குத் தாங்காது. வைஸின் கால், ஜாக்கின் அடி போன்ற சிறிய பரப்புள்ள இரும்பு நேராகத் தகட்டில் உட்கார்ந்தால் பள்ளம் விழும். மேலே ஒரு 12 மி.மீ. பிளைவுட் துண்டை அளவாக வெட்டிப் போட்டால் எடை பரவும், கருவியின் முனையும் மழுங்காது, உருளும் போல்ட்டின் சத்தமும் குறையும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தவர்கள் அதைத் திரும்ப எடுத்ததில்லை.

போல்ட் இல்லாத ராக்

காலில் சாவித் துளை போல மேலே அகன்று கீழே குறுகும் துளைகள். குறுக்குச் சட்டத்தின் முனையில் ரிவெட். ரிவெட்டைத் துளையில் நுழைத்து ரப்பர் சுத்தியலால் கீழ்நோக்கித் தட்டினால் இறுகிவிடும். ஒரு மணி நேரத்தில் ஒருவரே நிறுத்திவிடலாம். எடை ஏற ஏற ரிவெட் இன்னும் கீழே இறங்கி இறுகும் என்பது இதன் அமைப்பில் உள்ள நல்ல யோசனை. வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஓரிரு ஆண்டில் இடம் மாறுவோம் என்று தெரிந்தவர்கள் இதையே எடுக்கலாம். கழற்றிக் கட்டினால் ஒரு கட்டு கம்பி அளவுக்குத்தான் இருக்கும்.

ஆனால் இறுக்கம் ஒரே திசையில்தான். ராக்கை மேலே தூக்கி இழுத்தாலோ பக்கவாட்டில் தள்ளினாலோ ரிவெட் தளரும். சாமானோடு நகர்த்தவே கூடாது. பல மாடல்களில் பின்புறக் குறுக்குக் கட்டு இருப்பதில்லை. உயரமான ராக்கைத் தோளால் லேசாகத் தள்ளிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். சுவரோடு பிணைத்தால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

பெரிய குறை தட்டுப் பலகையில் இருக்கிறது. மலிவான பெட்டிகளில் மரத்துகளையோ மர இழையையோ பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டோ மெல்லிய எம்.டி.எஃப்போ வரும். காய்ந்திருக்கும் வரை சரி. தண்ணீர் பட்டால் விளிம்பு உப்பும். உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய பலத்துக்குத் திரும்பாது. எண்ணெய் சிந்தினால் உறிஞ்சிக்கொள்ளும். சட்டம் நன்றாக இருக்கும்போதே பலகை குழிந்து, ஒருநாள் விளிம்பிலிருந்து நழுவி உள்ளே விழும். இந்த ராக் பிடித்திருந்தால் வாங்குங்கள், பலகையை மட்டும் முதல் நாளே 18 மி.மீ. பிளைவுட்டாக மாற்றிவிடுங்கள். பலகை உட்காரும் சட்டத்தின் விளிம்பு எவ்வளவு ஆழம் என்பதை முன்பே அளந்துகொள்ள வேண்டும். சிலவற்றில் தடித்த பிளைவுட் விளிம்புக்கு மேலே எழும்பி நிற்கும். பொருள் நழுவாமல் தடுக்கும் உதடு இல்லாமல் போய்விடும்.

மரத்தில் நாமே செய்தால்

மரவேலைக்கான பட்டறை என்றால் இந்த வழியை விட்டுவிட வேண்டாம். கருவி ஏற்கெனவே இருக்கிறது, அளவு முழுக்க நம் விருப்பம், பிறகு தேவைப்பட்டால் எங்கே வேண்டுமானாலும் ஒரு கொக்கியையோ டிராயரையோ திருகலாம். இரும்பு ராக்கில் அந்தச் சுதந்திரம் இல்லை.

மரத்தில் பிரச்சினை உடைவதில் இல்லை, தொய்வதில் இருக்கிறது. பலகை முறியும் எடைக்கு வெகு முன்பே நடுவில் குழிய ஆரம்பிக்கும். அதுவும் ஒரே நாளில் நடப்பதில்லை. எடை அப்படியே இருந்தாலும் மாதக்கணக்கில் குழிவு ஆழமாகிக்கொண்டே போகும். மூன்று அளவுகள் தெரிந்தால் இதை முன்கூட்டியே தடுக்கலாம்.

ஒன்று, தாங்கிக்கும் தாங்கிக்கும் உள்ள நீளம். மொத்த எடை மாறாமல் இருந்தால் தொய்வு நீளத்தின் கனத்தில், அதாவது மூன்றாம் அடுக்கில் கூடும். மூன்றடித் தட்டை நான்கடியாக்கினால் தொய்வு சுமார் 2.4 மடங்கு. நடைமுறையில் தட்டு நீண்டால் சாமானும் கூடுதலாகத்தான் சேரும். அதே மாதிரிப் பொருளால் முழுத் தட்டையும் நிரப்பினால் தொய்வு மூன்று மடங்கைத் தாண்டும். நடுவில் ஒரே ஒரு காலோ செங்குத்துப் பலகையோ வைத்து நீளத்தைப் பாதியாக்கினால், நிறைத்த தட்டின் தொய்வு பதினாறில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். வேறு எந்தச் செலவும் இவ்வளவு பலன் தருவதில்லை.

இரண்டு, தடிமன். இதுவும் மூன்றாம் அடுக்குதான். 12 மி.மீ. பலகைக்கு பதில் 18 மி.மீ. போட்டால் விறைப்பு மூன்று மடங்குக்கும் மேல். கையில் 12 மி.மீ. துண்டுகள்தான் மீதம் இருக்கின்றன என்றால், இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே வைத்தால் இரண்டு மடங்கு. பசை போட்டு அழுத்தி ஒட்டினால் எட்டு மடங்கு. ஒட்டாதபோது இரண்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தின் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்கின்றன. ஒட்டினால் அந்த வழுக்கல் நின்றுவிடுகிறது.

மூன்று, முன் விளிம்பு. பலகையின் முன்னால் 40 அல்லது 50 மி.மீ. உயரமுள்ள ரீப்பரை (குறுகிய மரச்சட்டத்தை) நிறுத்திவைத்துப் பசையும் திருகும் போட்டால் தட்டு விறைத்து நிற்கும். ரீப்பரைப் படுக்கவைத்தால் பலன் மிகக் குறைவு, நிறுத்தித்தான் வைக்க வேண்டும். தட்டுக்கு மேலே கொஞ்சம் எழும்பும்படி வைத்தால் உருண்டு விழும் பொருளுக்கு அதுவே தடுப்பு. பிளைவுட்டை வெட்டும்போது மேல்தாளின் இழை தட்டின் நீளவாக்கில் ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; குறுக்கே வெட்டினால் அதே ஷீட் தளர்வாக நிற்கும்.

மர ராக்கில் தட்டின் எடையைத் திருகின் மேல் தொங்கவிடாதீர்கள். காலில் பள்ளம் வெட்டி அதில் குறுக்குச் சட்டத்தை உட்கார வைக்கலாம், இல்லை சட்டத்துக்குக் கீழே ஒரு கட்டையை ஒட்டலாம். மரம் மரத்தின் மேல் உட்கார வேண்டும், திருகு அதை நகராமல் பிடித்துக்கொள்ள மட்டும் இருக்க வேண்டும். கரையான் வரும் இடமாக இருந்தால் கால்கள் தரையைத் தொடாமல் இரும்பு அல்லது ரப்பர் பாதம் போட்டு, சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி நிறுத்துங்கள். பின்பக்கம் எட்டிப் பார்க்க முடிய வேண்டும்.

சுவரில் மாட்டுவது

தரையை மிச்சப்படுத்துவது இதன் பெரிய வரம். சின்னப் பட்டறையில் தரைதான் அரிது. ஆனால் கனத்துக்கு இதை நம்புவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு அடி, அதாவது 300 மி.மீ. அகலத் தட்டில் 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் சுவரிலிருந்து 150 மி.மீ. தள்ளி இருக்கிறது. பிராக்கெட்டின் மேல் திருகுக்கும் கீழ் முனைக்கும் இடையே 200 மி.மீ. அப்படியானால் மேல் திருகுகளைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை மொத்தத்தில் 45 கிலோ. அதே எடையை இரண்டடி அகலத் தட்டில் வைத்தால் 90 கிலோ. எடை கூடவே இல்லை, தட்டு அகலமானதே காரணம். சுவர்த் தட்டு குறுகலாகவும் பிராக்கெட்டின் செங்குத்துக் கை நீளமாகவும் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

அடுத்து, சுவர் எதனால் ஆனது? நல்ல செங்கல்லிலும் கான்கிரீட்டிலும், துளைக்குள் விரிந்து இறுகும் ஆங்கர் போல்ட் உறுதியாகப் பிடிக்கும். உள்ளே துளையுள்ள ஹாலோ பிளாக்கில் விரியும் ஆங்கர் காற்றில்தான் விரியும். எடை குறைந்த நுரைக் கான்கிரீட் பிளாக்கில் சாதாரண பிளக் நாளடைவில் தளரும். அதற்கென்று வரும் நீளமான பிளக்கோ ரசாயன ஆங்கரோ வேண்டும். செங்கல் சுவரிலும் பூச்சுக்குள் போகும் ஆழத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பூச்சு எதையும் தாங்காது.

எனவே சுவரில் கைக்கருவிகளை மாட்டுங்கள், கனத்தை ஏற்றாதீர்கள். இதற்கு எனக்குப் பிடித்த வழி பிரெஞ்சு கிளீட். பிளைவுட் பட்டையை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரில் திருகிவிட்டு, மறு பாதியைக் கருவிப் பெட்டியின் முதுகில் ஒட்டினால் ஒன்றின் மேல் ஒன்று கொக்கி போல உட்காரும். பட்டை சுவர் முழுக்க ஓடுவதால் எடை பல திருகுகளுக்குப் பிரியும். இடம் மாற்ற வேண்டுமானால் தூக்கி அடுத்த வரிசையில் மாட்டினால் போதும். உளிக்கு ஒன்று, டிரில்லுக்கு ஒன்று, கிளாம்புக்கு ஒன்று என்று மரத்துண்டுகளில் தாங்கிகள் செய்வது தனி இன்பம்.

கம்பி ராக்கும் பிளாஸ்டிக்கும்

கம்பி ராக்கில் தூசி சேராது, காற்றோட்டம் உண்டு, தட்டை ஒவ்வொரு அங்குலமாக ஏற்றி இறக்கலாம். ஆனால் சின்னப் பொருள் கீழே விழும், மேல் டப்பாவில் ஒழுகுவது ஐந்து தட்டையும் நனைத்துக்கொண்டு இறங்கும். சக்கரம் மாட்டினால் ராக் தாங்கும் எடை அந்தச் சக்கரங்கள் தாங்கும் எடையாகச் சுருங்கிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, பேட்டரி அமிலத்துக்கும் அசையாது. தொடர்ந்து கனம் ஏற்றினால் மெல்ல வளைந்துகொண்டே போகும், வெயில் சூட்டில் இன்னும் வேகமாக. கனமான சாமானுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துணி, தூரிகை, மணல் தாள், காலி டப்பா என்றால் தாராளமாக.

யாருக்கு எது

இயந்திரம், வண்டி வேலை என்றால் ஸ்லாட்டட் ஆங்கிள். எண்ணெய் சிந்தினால் துடைக்கலாம், இரும்பு இரும்பைத் தாங்கும். கடல் காற்றோ ஈரமோ உள்ள இடத்தில் பவுடர் கோட்டிங்கைவிட ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசியது நீடிக்கும். பவுடர் கோட்டிங் கீறிய இடத்திலிருந்து துரு உள்ளே பரவும். ஆங்கிளை அறுத்தால் அறுத்த முனையில் உடனே துருத்தடுப்பு பெயிண்ட் பூசுங்கள்.

மரவேலை என்றால் கனமான கருவிக்கு ஒரு மர ராக், கைக்கருவிக்கு கிளீட். நீளச் சட்டங்களுக்கு ராக்கே வேண்டாம். சுவரிலிருந்து நீளும் கைகளை இரண்டடிக்கு மேல் இடைவெளி விடாமல் வைத்து அதன்மேல் படுக்கவையுங்கள், வளையாது. கனம் கூடுதலானால் அந்தக் கைகளைச் சுவரை மட்டும் நம்பாமல், தரையில் ஊன்றிய செங்குத்துச் சட்டத்தில் பொருத்துங்கள். பிளைவுட் ஷீட்டுகளை ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்தி, சாயாமல் ஒரு தடுப்பு கொடுங்கள். சரிவாகச் சாத்தினால் மாதக்கணக்கில் வளைந்துவிடும்.

மின்சாதன வேலை, சின்னப் பாகங்கள் அதிகம் என்றால் கனமான ராக்கைவிட டிராயர்கள்தான் வேலைக்கு உதவும். முழுக்க வெளியே வரும் பால்பேரிங் ஸ்லைடுகளில் பரவலாகக் கிடைப்பவை ஜோடிக்கு 45 கிலோ தாங்கும். திருகும் நட்டும் நிரப்பினால் அந்த எல்லையை எட்டுவது சுலபம், ஆகவே டிராயரை ஆழமாகச் செய்யாதீர்கள்.

பழைய ராக் கிடைத்தால்? தடிமனான பழைய ஸ்லாட்டட் ஆங்கிள் புதிய மெல்லிய ராக்கைவிட எவ்வளவோ மேல். காலை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள், வளைவு இருந்தால் வேண்டாம். வளைந்த காலைத் தட்டி நேராக்கினாலும் பழைய பலம் வராது. தரையைத் தொடும் கடைசி நான்கு விரல் அளவைத்தான் துரு முதலில் தின்னும். அங்கே ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிப் பாருங்கள்.

அகலமும் உயரமும்

இரண்டடி அகலத் தட்டு நிறையக் கொள்ளும் என்று ஆசையாக இருக்கும். பின்வரிசையில் போன பொருள் இருப்பதே மறந்துபோய், அதையே இன்னொன்று வாங்குவோம். ஒன்றரை அடி, அதாவது 450 மி.மீ. போதும். பெரும்பாலான கருவிப் பெட்டிகள் அதில் அடங்கும், கை பின்சுவர் வரை எட்டும்.

கனமானதைக் கீழே வை என்பது எல்லாரும் சொல்வது. ராக் சாயாமல் இருக்க அது சரி. முதுகுக்கு அது சரியில்லை. தரையிலிருந்து 20 கிலோவைக் குனிந்து தூக்குவதுதான் இடுப்பைப் பிடிக்கும். இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் அதே 20 கிலோ சிரமமில்லாமல் கைக்கு வரும். இரண்டு நியாயமும் மோதும் இடம் இது. நான் இப்படிப் பிரிப்பேன்: கனமானது, எப்போதாவது எடுப்பது என்றால் தரைத் தட்டு. கனமானது, அடிக்கடி எடுப்பது என்றால் இடுப்பு உயரத் தட்டு. அதற்கு ஈடாகத் தரைத் தட்டில் அதைவிடக் கனமான எதையாவது நிரந்தரமாக வைத்துவிட வேண்டும். தலைக்கு மேலே உள்ள தட்டில் ஒரு கையால் எடுக்க முடியாத எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கூர்மையானவையும் ரசாயனமும் அவர்கள் கைக்கு எட்டாமல் பூட்டுள்ள அலமாரிக்குப் போக வேண்டும். திறந்த ராக் அதற்கு இடமே இல்லை.

சாயாமல் நிற்க

உயரம் அகலத்தின் நான்கு மடங்கைத் தாண்டினால் ராக்கைப் பிணைத்தே ஆக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆறடி உயரமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள ராக் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. ஒரு அடி அகலம் என்றால் ஆறு மடங்கு. எல்லைக்குள் இருந்தாலும் பிணைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மேல் தட்டின் இரு பக்கமும் ஒரு 'எல்' பட்டியும் ஒரு ஆங்கர் போல்ட்டும் போதும். குழந்தைகள் தட்டில் கால் வைத்து ஏறுவார்கள். பெரியவர்களும் ஏறுவார்கள்.

தரையையும் பார்க்க வேண்டும். ஒரு ராக்கில் மொத்தம் 800 கிலோ என்றால் காலுக்கு 200 கிலோ. 40 மி.மீ. ஆங்கிள் காலின் வெட்டுமுகம் தரையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர மி.மீ. மட்டுமே. அதன் கீழே 75 மி.மீ. சதுரத் தகடு ஒன்றைப் போட்டால் பரப்பு 35 மடங்குக்கு மேல் கூடுகிறது. டைல்ஸ் தரையில், அடியில் சரியாகக் கலவை நிரம்பாத டைல் இந்தத் தகடு இல்லாமல் விரிசல் விடும். பட்டறை மாடியில் என்றால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டு மாடித் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ பரவிய எடை என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். அரை சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில் 800 கிலோ நிற்பது அந்தக் கணக்குக்கு வெளியே. மாடியில் ராக்கை நடு அறையில் நிறுத்தாமல் கீழே சுவரோ பீமோ உள்ள இடத்தில், எடையைக் குறைத்து நிறுத்துங்கள். சந்தேகம் இருந்தால் கட்டடப் பொறியாளரிடம் கேட்ட பிறகு ஏற்றுங்கள்.

தின்னர், பெட்ரோல் போன்றவற்றுக்கு ராக்கில் இடம் கொடுக்கும்போது அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கிரைண்டர் பொறி தெறிக்கும் பக்கமும் பேட்டரி சார்ஜர் இருக்கும் பக்கமும் இவை கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டித் தட்டில் போடாதீர்கள். எண்ணெய் காய்கிறபோது உண்டாகும் சூடு வெளியேற வழியில்லாமல் அது தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கோக்கும்போது எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக வரும் வரை தள்ளிச் சரிசெய்யுங்கள். ரசமட்டம் வைத்து, குறையும் காலுக்கு அடியில் தகட்டுத் துண்டு கொடுங்கள். அப்புறம்தான் ஸ்பேனர். சுவரோடு பிணைத்த பிறகு கீழ்த் தட்டிலிருந்து மேலே நிரப்பிக்கொண்டு போங்கள். முழு எடையும் ஏறி ஒரு மாதம் ஆனதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு சுற்று முடுக்கிவிட்டு, ஒவ்வொரு தட்டின் முன் விளிம்பிலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூலுக்கும் தட்டுக்கும் நடுவில் ஐந்து மி.மீ. இடைவெளி தெரிந்தால் அந்தத் தட்டின் சாமானைக் குறைக்கவோ, கீழே ஒரு சட்டம் கொடுக்கவோ வேண்டும்.